சாட்டிலைட் டேட்டாவில் பிஎச்.டி., அப்புறம் பல்கலைக்கழக ஆராய்ச்சி: சென்னையில் இருந்து இதில் நிலைக்க முடியுமா?

வேளச்சேரிவாசி:

வணக்கம். பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் முடித்துவிட்டு, ரிமோட் சென்சிங்கில் (சாட்டிலைட் படங்களை வைத்துத் தரையை ஆராய்வது) எம்.இ. கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனி வேலை கையில் இருக்கிறது. சாஃப்ட்வேர் வேலைதான், சாட்டிலைட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு பிஎச்.டி. செய்து பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளராக இருக்க ஆசை. நகர வெள்ளத்தை ரேடார் படங்களில் கண்டுபிடிப்பதைத் தலைப்பாக எடுக்க நினைக்கிறேன். வேளச்சேரியில் வளர்ந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்!

அப்பா கேட்பது ஒரே கேள்விதான்: "அஞ்சு வருஷம் ஸ்காலர்ஷிப்ல ஓட்டிட்டு அப்புறம் எங்கம்மா போவ?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. துறையில் இருப்பவர்களும் விட்டுப் போனவர்களும் சொல்லுங்கள். மாதம் என்ன வரும்? நாள் முழுக்க என்ன வேலை? கடைசியில் நாற்காலி உண்டா?

ஓஎம்ஆர்கோடர்:

விட்டுப் போனவன் பேசுகிறேன். முதலில் காசு. பிஎச்.டி. ஆரம்பத்தில் கிடைக்கும் ஃபெலோஷிப்பான ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரியில் இருந்து மாதம் 37,000. இரண்டு வருஷம் கழித்து அடுத்த படியான எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பிஎச்.டி. முடித்து ரிசர்ச் அசோசியேட் ஆனால் 58,000-ல் ஆரம்பம். காகிதத்தில் மோசமில்லை. ஆனால் ப்ராஜெக்ட் பணம் மாதாமாதம் சொட்டு சொட்டாக வராது. வரும்போது மொத்தமாக வரும், வராதபோது கடன் வாங்கி வாடகை கட்ட வேண்டும். நான் இருந்த இடத்தில் அடுத்த தவணை தாமதமாகி, ஸ்டாஃப் எல்லோரும் சம்பளம் இல்லாமல் லேபுக்கு வந்து போய்க்கொண்டிருந்தோம். பி.எஃப். கிடையாது, அனுபவச் சான்றிதழுக்குக்கூட அலைய வேண்டும்.

அடுத்தது நாற்காலி. அசிஸ்டென்ட் ப்ரொஃபசர் அரசுச் சம்பளம் 57,700 அடிப்படையில் தொடங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் நமக்கென்று துறை இருக்கும் கல்லூரிகள் எத்தனை? சிவில் விளம்பரத்துக்குப் போனால் "நீங்க ப்யூர் சிவில் இல்லையே". ஜியாகிரஃபிக்குப் போனால் "நீங்க பி.இ. ஆச்சே". ஜியாலஜியில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இப்போது ஏ.ஐ. வேறு வந்துவிட்டது, நாம் ஆறு மாதம் உட்கார்ந்து செய்த நிலப்பயன்பாட்டு மேப்பை ஒரு மதியத்தில் போட்டுத் தருகிறது. அந்த வேலையை எடுத்துக்கொள் தங்கச்சி. சாட்டிலைட் படங்களை வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்.

மடிப்பாக்கம்மணி:

இவ்வளவு சாட்டிலைட் மேலே சுத்துது, எங்க தெருவுல நிக்கிற தண்ணி மட்டும் யார் கண்ணுக்கும் தெரியலையே?

நிலஅளவன்:

மணி சார் கேட்டதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தப் பெண்ணுக்கு.

அம்மா, நான் மத்திய அரசுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நம் நாட்டு ரிமோட் சென்சிங் சாட்டிலைட் ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச் 17 அன்று பைக்கனூரில் இருந்து போனபோது நான் இளநிலையில் இருந்தேன். அந்தக் காலத்தில் படம் என்றால் காகிதத்தில் வரும் படம். செடி கொடி எல்லாம் சிவப்பாக இருக்கும். அதை லைட் டேபிளில் விரித்து, மேலே ட்ரேசிங் ஷீட் போட்டு, பென்சிலால் கோடு இழுப்போம். ஏரி எது, தரிசு எது, புளியந்தோப்பு எது என்று கண்ணும் அனுபவமும்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் லேண்ட்சாட் படம் 2008 வரைக்கும் காசுக்குத்தான். கடைசி வருஷங்களில்கூட ஒரு காட்சிக்கு 600 டாலர். ஒரு மாவட்டத்துக்கு இரண்டு பருவம் வாங்கினாலே ப்ராஜெக்ட் பட்ஜெட் படுத்துவிடும். அதனால் அன்றைக்குப் படம் வைத்திருந்தவன்தான் ஆராய்ச்சியாளன்.

இன்றைக்கு அந்தச் சுவர் போய்விட்டது. லேண்ட்சாட் இலவசம், ஐரோப்பாவின் செண்டினல் இலவசம், 2023 விண்வெளிக் கொள்கைப்படி நம்முடையதிலும் ஒரு பிக்சல் (படத்தின் ஒரு புள்ளி) தரையில் 5 மீட்டரோ அதற்கு மேலோ உள்ள படங்கள் இலவசம், இஸ்ரோவின் பூநிதி தளத்தில் எடுக்கலாம். படம் எல்லோரிடமும் இருக்கிறது. அப்படியென்றால் உனக்கு மட்டும் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் இருந்தால் போ, இல்லையென்றால் கோடர் தம்பி சொல்வதைக் கேள்.

நம் நாட்டு விஞ்ஞானி பிஷரோட்டி 1970-ல் ஹெலிகாப்டரில் இருந்து அகச்சிவப்பு ஃபிலிமில் கேரளத் தென்னைகளைப் படமெடுத்தார். வாடல் நோய் வந்த மரத்தைப் பிரித்துக் காட்டியதுதான் இந்த நாட்டில் இந்தத் துறையின் பிள்ளையார் சுழி. அதில் கேமராவுக்கு எவ்வளவு பங்கோ, எந்த மரம் நோயுற்றது என்று தரையில் தெரிந்துவைத்திருந்தவர்களுக்கும் அவ்வளவு பங்கு. (இன்னும் பின்னால் போனால் 1802-ல் ஆங்கிலேயர் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம்தான் நில அளவைக்கான அடிக்கோட்டை அளந்தார். அந்தக் கதையை ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன்.)

கரைக்கோடு:

நான் இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். சென்னைப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். கடற்கரை மாற்றம் என் ஆராய்ச்சி. "நாள் முழுக்க என்ன வேலை" என்று கேட்டாய் அல்லவா, அதற்கு மட்டும் நேர்மையாகப் பதில் சொல்கிறேன்.

வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு என்பது யு.ஜி.சி. கணக்கு. தனியார் கல்லூரி என்றால் அதற்கு மேலும் போகும். கல்லூரியின் தரத்தைப் பார்க்கும் நாக் கமிட்டி வருகிறது என்றால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு ஃபைல் சேர்க்க வேண்டும். ப்ராஜெக்ட் கிடைத்துவிட்டால் சந்தோஷம் ஒரு நாள். பிறகு அரசுக் கொள்முதலுக்கான ஜெம் போர்ட்டலில் ஹார்டு டிஸ்க் வாங்குவது, ஸ்டாஃபுக்கு நேர்காணல் நடத்துவது, மார்ச்சில் பணத்தைச் செலவழித்த கணக்குக்கான யூட்டிலைசேஷன் சர்ட்டிஃபிகேட்டுக்காக அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் வாசலில் நிற்பது. கோடர் சம்பளத் தாமதம் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தை மிகையில்லை. அந்தச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வராது, அது போவதற்குப் பத்து கையெழுத்து வேண்டும்.

சரி, ஆராய்ச்சி எங்கே நடக்கிறது? சனிக்கிழமை விடிகாலையில் எண்ணூரிலோ காசிமேட்டிலோ நடக்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். செண்டினல்-2 படத்தில் ஒரு பிக்சல் 10 மீட்டர். ஒரு வருஷப் படத்தையும் அடுத்த வருஷப் படத்தையும் வைத்துக் கரையை வரைந்தால், கடல் 20 மீட்டர் உள்ளே வந்துவிட்டது என்று வரும். மாணவர் ஓடிவந்து "மேம், பயங்கர அரிப்பு" என்பார். சென்னையில் ஓதத்தின், அதாவது தினமும் கடல் மட்டம் ஏறி இறங்குவதன், அளவு பெரிய ஓத நாளில் ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும். 20 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவில் மணல் இருந்தால், ஓதம் மட்டுமே அந்தக் கோட்டை 20 மீட்டர் நகர்த்திவிடும். அதாவது இரண்டு பிக்சல். முதல் படம் வற்றியிருந்த நேரம், இரண்டாவது படம் ஏறியிருந்த நேரம். கரையில் ஒரு பிடி மணல்கூடப் போகவில்லை! அந்தச் சரிவு எவ்வளவு என்று இந்த இரண்டு படமும் உனக்குச் சொல்லாது. ஜிபிஎஸ்ஸோடு மணலில் நடந்து அளந்தால்தான் நிச்சயமாகத் தெரியும், அதுவும் பருவத்துக்குப் பருவம் மாறும். டிசம்பர்க் கடல் வெட்டிய மேட்டை ஏப்ரலில் பார்த்தால் அடையாளமே இருக்காது.

பெரிய படத்தை யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2016 வரைக்கும் நாடு முழுக்கக் கரையை அளந்து, மூன்றில் ஒரு பங்கு அரிக்கிறது என்று அறிக்கை போட்டிருக்கிறது. துறைமுகத்தின் தடுப்புச் சுவரில் மணல் தேங்கித்தான் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் கரைந்தது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். என்னிடம் வரும் கேள்வி வேறு: இந்தக் கல்சுவருக்கு வடக்கே, இந்தக் குப்பத்துக்கு முன்னால், அடுத்த மழைக்காலத்துக்குள் எவ்வளவு போகும்? அதற்கு இந்தக் கரையிலேயே கிடப்பவர்கள் வேண்டும். நான் மார்க்கெட்டில் விலை போவது அதனால்தான், பைத்தான் தெரியும் என்பதால் இல்லை.

மணி சார், தண்ணீரை வடிய வைப்பது சாட்டிலைட் வேலை இல்லை. ஆனால் 1972-ல் இருந்து லேண்ட்சாட் படம் இருப்பதால், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் எதுவரை இருந்தது என்று யாரும் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டுப் போக முடியாது. அந்தப் படத்தைப் பார்த்தால் உங்கள் தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்றும் தெரியும். தெரிந்தால் உங்களுக்குப் பிடிக்காது.

மடிப்பாக்கம்மணி:

தெரியும் மேடம், தெரிஞ்சுதான் வாங்கினோம். விடுங்க.

ஓஎம்ஆர்கோடர்:

கரைக்கோடு மேடம், மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை மணலில் நடப்பதற்கு உங்களுக்குத் தனியாக யாராவது காசு கொடுக்கிறார்களா? பதவி உயர்வுக்கு எண்ணுவது ஆராய்ச்சிப் பேப்பரை. பேப்பர் போட்டால் சில பத்திரிகைகளில் லட்ச ரூபாய்க்கு மேல் கட்டணம். வெளிநாட்டில் ஒருத்தன் கூகுள் எர்த் எஞ்சின் என்ற ஆன்லைன் சாட்டிலைட் படத் தளத்தில் உலகம் முழுக்க ஏரிகளைக் கணக்கெடுத்து, காஞ்சிபுரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே நல்ல பத்திரிகையில் போட்டுவிடுகிறான். நீங்கள் ஒரு குப்பத்தை வைத்து எழுதினால் "லோக்கல் இன்ட்ரஸ்ட்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். இதையும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள்.

கரைக்கோடு:

அது உண்மைதான். திருப்பி அனுப்புவார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ஆனால் காஞ்சிபுரம் ஏரி என்று எடுத்துக்கொடுத்தீர்கள், நன்றி. ஏரி முழுக்க ஆகாயத்தாமரை படர்ந்தால், படத்தில் பசுமையை அளக்கும் என்டிவிஐ கணக்கு அதைச் செழிப்பான பயிர் என்கும். வற்றிய ஏரியில் சீமைக்கருவேலம் மண்டினால் உலக மேப்பில் அது காடு. உப்பளத்தையும் இறால் பண்ணையையும் ஏரியோடு சேர்த்து எண்ணும். நீங்கள் சொன்ன ஏ.ஐ. ஒரு மதியத்தில் போட்டுத் தரும் மேப் இதுதான். அதைத் திருத்த யாராவது போய் நிற்க வேண்டும். கையில் கருவியோடு பரந்தூர்ப் பக்கம் ஏதாவது ஏரிக்கரையில் நின்று பாருங்கள், ஏர்போர்ட்டுக்கு நிலம் எடுக்க வந்தவர் என்று ஊரே கூடிவிடும். முதல் அரை மணி நேரம் நாம் யார் என்று புரியவைப்பதிலேயே போகும். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்து, எந்த வருஷம் மதகு உடைந்தது என்பதுவரை அவர்களே சொல்வார்கள். இந்தப் பேச்சு எந்த டேட்டாசெட்டிலும் இல்லை.

ரேடார்நிழல்:

தாமதமாக வருகிறேன், இங்கே இப்போதுதான் காலை. வெளிநாட்டில் போஸ்ட்டாக்கில் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி) இருக்கிறேன், ரேடார்தான் வேலை. வேளச்சேரிவாசியின் தலைப்பு பற்றி யாரும் பேசவில்லையே! எல்லோரும் சம்பளத்திலேயே நின்றுவிட்டீர்கள்.

சென்னைக்கு மழை அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை. அந்த மாதங்களில் சாதாரணக் கேமரா சாட்டிலைட் மேகத்தைத்தான் படமெடுக்கும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு ஊருக்குள் வந்தபோதும் அதே கதை. ரேடார் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும், இரவிலும் பார்க்கும். அதனால் எல்லோரும் ரேடார் என்றால் வெள்ளப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். வயல்வெளியில் தீர்ந்ததுதான். ரேடார் பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறது, தேங்கிய தண்ணீர் சிக்னலை அந்தப் பக்கம் தள்ளிவிடும், திரும்பி வராது, படத்தில் கறுப்பாக விழும். கறுப்பைக் கண்டால் தண்ணீர்.

தெருவில் அது தலைகீழ். சிக்னல் தேங்கிய தண்ணீரில் பட்டு, அங்கிருந்து வீட்டுச் சுவரில் பட்டு, கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் இரண்டு ஓரத்தில் பட்டு நம்மிடமே வருவது போல் வந்த வழியே திரும்பிவிடும். கறுப்பாக வேண்டிய இடம் இன்னும் பிரகாசமாகும். வேளச்சேரி மாதிரி நெருக்கமான இடம் மழையில்லாத நாளிலேயே பிரகாசம்தான், அதில் கொஞ்சம் கூடியிருக்கிறதா என்று தேட வேண்டும். தெரு சாட்டிலைட் போகும் பாதைக்கு இணையாக இருந்தால் நன்றாகத் தெரியும், சாய்வாக இருந்தால் தெரியாமலே போகலாம். உயரமான அபார்ட்மென்டுக்குப் பின்னால் ரேடார் நிழல், அங்கே எப்போதும் கறுப்பு, வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும். ஒரே தெருவில் ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் கறுத்து, நடுவில் ஒன்றும் மாறாமல் இருக்கும். மூன்றிலும் முழங்கால் தண்ணீர்.

நேரமும் ஒரு வில்லன். ரேடார் உள்ள செண்டினல்-1 சாட்டிலைட் ஒவ்வொன்றும் ஒரே பாதையில் 12 நாளுக்கு ஒரு முறை வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது 1ஏ மட்டும்தான் வேலை செய்துகொண்டிருந்தது, 1பி 2021 டிசம்பரிலேயே படுத்துவிட்டது. 1சி 2024 டிசம்பரில்தான் மேலே போனது. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த ரேடார் சாட்டிலைட் நிசார் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து போயிருக்கிறது. அதன் எல்-பேண்ட் அலைநீளம் 24 சென்டிமீட்டர், செண்டினலுக்கு 5.6. செடி கொடிக்குக் கீழே தேங்கிய தண்ணீரைப் பார்க்க நீள அலை நல்லது. பள்ளிக்கரணையின் கோரைக்கு நடுவே என்ன தெரிகிறது என்று பார்க்க நானே காத்துக்கொண்டிருக்கிறேன்.

இதில் உன் பங்கு எங்கே வருகிறது தெரியுமா? என் அல்காரிதம் வேளச்சேரியில் ஒரு தெருவை வெள்ளம் என்கிறது. சரியா தவறா என்று இங்கே உட்கார்ந்து எப்படிச் சொல்வேன்? எந்தத் தெருவில் எந்த மணிக்கு எவ்வளவு உயரம் நின்றது என்று உங்கள் ஏரியாக்காரர்களிடம் ஃபோட்டோ இருக்கும், சுவரில் கறை இருக்கும். அதைச் சேர்த்து ஒழுங்காக ஒரு டேட்டாசெட் போட்டால், உன் பிஎச்.டி.யில் ஒரு அத்தியாயம் முடிந்த மாதிரி. நான் உட்பட பல பேர் அதைக் கேட்டு உனக்கு மெயில் போடுவோம். ஒன்று கவனம், வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஃபோட்டோவில் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். எடுத்தவர் போனில் இருக்கும் ஒரிஜினலைக் கேட்டு வாங்கு.

வேளச்சேரிவாசி:

எங்கள் மாடி ஆன்ட்டியிடம் மிக்ஜாமுக்கு ஒரு ஆல்பமே இருக்கிறது. இன்றைக்கே கேட்கிறேன்.

கரைக்கோடு அக்கா, விண்ணப்பம் பற்றி ஒரு கேள்வி. நெட் தேர்வு எழுத வேண்டுமா, கேட் தேர்வு போதுமா? சிவில் துறையில் சேர்வதா, ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸிலேயே இருப்பதா?

கரைக்கோடு:

இரண்டையும் எழுது. கேட்டில் 2022-ல் இருந்து ஜியோமேட்டிக்ஸ் என்று நமக்கே ஒரு பேப்பர் இருக்கிறது, முன்பு மாதிரி சிவில் பாடத்தில் பாலமும் கான்கிரீட்டும் படிக்க வேண்டாம். சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் புவி அறிவியல் பேப்பர், கடினம்தான், ஆனால் சொந்த ஃபெலோஷிப் கையில் இருந்தால் கைடின் ப்ராஜெக்ட் முடிந்தாலும் நீ நடுத்தெருவில் நிற்க மாட்டாய். கோடருக்கு நடந்தது உனக்கு நடக்காமல் இருக்க அது ஒன்றுதான் வழி. யார் ப்ராஜெக்ட் சம்பளத்தை நம்பி மட்டும் பிஎச்.டி. பதிவு செய்யச் சொன்னாலும் செய்யாதே, நானே சொன்னாலும்.

துறை விஷயத்தில் கோடர் சொன்னது கசப்பான உண்மை. விளம்பரத்தில் எந்தப் பட்டங்களை ஏற்கிறார்கள் என்ற வரியை இப்போதே பல இடங்களில் பார்த்துவிட்டு, பிஎச்.டி. எந்தத் துறையின் பெயரில் வரும் என்று சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள். கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பேப்பர் எண்ணிக்கையைப் பார்க்காதே, அவரிடம் முடித்தவர்கள் இப்போது எங்கே என்று பார். இரண்டு பேருக்கு போன் போட்டுப் பேசு. பேசத் தயங்கினால் அதுவும் பதில்தான்.

நிலஅளவன்:

அப்பாவுக்குச் சொல்ல ஒரு பதில்: நாற்காலி கிடைக்காமல் போகலாம். ஆனால் இப்போது கல்லூரி மட்டும் வாசல் இல்லை. 2021-ல் மேப் விதிகளைத் தளர்த்திய பிறகு பெங்களூரில் பிக்செல், சாட்ஷூர் என்று சாட்டிலைட் டேட்டாவில் வேலை செய்யும் தனியார் கம்பெனிகள் தலையெடுத்திருக்கின்றன. ஐ.ஐ.டி. மெட்ராஸில் முளைத்த கேலக்ஸ்ஐ இருக்கிறது. என் காலத்தில் சர்வே துறை, இஸ்ரோ, கல்லூரி, அவ்வளவுதான்.

ஓஎம்ஆர்கோடர்:

அதையும் ஒப்புக்கொள்கிறேன் சார். அந்தக் கம்பெனிகளில் ரேடார் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை என்று என் நண்பன் புலம்புகிறான். தங்கச்சி, சேர்வதாக இருந்தால் கம்பெனியில் சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளிக் கேட்டுப் பார், ஒரேயடியாக மறுத்துவிடாதே. பிப்ரவரியில் கேட், ரிசல்ட் மார்ச். அதுவரை கையில் ஒன்று இருக்கட்டும்.

வேளச்சேரிவாசி:

அப்படித்தான் செய்யப்போகிறேன், அண்ணா. அப்பாவிடம் "சொந்த ஃபெலோஷிப் வந்தால் மட்டும்" என்று பேசி முடித்திருக்கிறேன்.

ரேடார்நிழல் அண்ணா, மிக்ஜாமுக்கு முன், பின் என்று இரண்டு செண்டினல்-1 படம் இறக்கிவிட்டேன். ஸ்நாப் சாஃப்ட்வேரில் திறந்தவுடன் லேப்டாப் அப்படியே உறைந்துவிடுகிறது. 8 ஜிபி ராம்தான்.

ரேடார்நிழல்:

8 ஜிபியில் முழுக் காட்சியையும் ஓட்டினால் உறையத்தான் செய்யும். ஆர்பிட் ஃபைல் (சாட்டிலைட் போன துல்லியமான பாதை) போட்டதும் முதல் வேலையாக வேளச்சேரி, பள்ளிக்கரணை அளவுக்கு வெட்டிக்கொள், பிறகுதான் சிக்னல் அளவைச் சரிசெய்யும் காலிப்ரேஷன், புள்ளி இரைச்சலைக் குறைக்கும் ஸ்பெக்கிள் ஃபில்டர், மேடு பள்ளத்தால் வரும் பிழையைத் திருத்தும் டெரெய்ன் கரெக்‌ஷன். இரண்டு படமும் ஒரே பாதையில் எடுத்தவையா என்று பார், ஏறும் பாதையில் (வடக்கு நோக்கி) ஒன்றும் இறங்கும் பாதையில் (தெற்கு நோக்கி) ஒன்றும் எடுத்து ஒப்பிட்டால் வரும் வித்தியாசம் எல்லாம் கட்டடம்தான். அதுவும் முடியாவிட்டால் எர்த் எஞ்சினில் இதே டேட்டா பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே மதிப்பு டெசிபலில் (லாகரிதம் அளவில்) இருக்கும். சராசரி எடுப்பதற்கு முன் அதைச் சாதாரண அளவுக்கு மாற்றிக்கொள், இல்லையென்றால் கணக்கு தப்பும். வெட்டிய படத்தை இங்கேயே போடு, முதலில் ஏரி எங்கே என்று பார்ப்போம்.